பழவேற்காட்டுக் கைக்குட்டை

(ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஞாயிறு மாலை, வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் சரியாகத் தூங்காமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதலில் இந்தத் துணியைப் பாருங்கள். சதுரமான ஒரு கைக்குட்டை. சிவப்புத் தரை. அதில் வெள்ளையும் கறுப்புமாக மாங்காய் மாங்காயாக அச்சு. காஞ்சிபுரத்துப் புடவை முந்தியில் நாம் பார்க்கிற அதே மாங்காய். முன்வரிசையில் கொடுக்கிறேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள், கூட்டம் முடிவதற்குள் ஒரு சுற்று வரட்டும்.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் வேலை. மூன்று மாதப் பயிற்சிக்கு மெக்சிகோவின் புவேப்லா நகரத்துக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது எனக்காக இதை வாங்கி வந்தான். "அங்க காட்டு வேலை செய்றவங்க எல்லாம் கழுத்துல இதத்தான் சார் கட்டியிருக்காங்க. வேர்வை துடைக்க, தலையில கட்ட, எல்லாத்துக்கும் இதுதான்" என்றான். இதற்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டேன். "பாலியகாத்தே" என்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதையே சொன்னான்.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் ஒரு பெரிய உப்பங்கழி, அதன் கரையில் மீனவர் ஊர். நாம் பழவேற்காடு என்கிறோம். நம் 'ழ'வும் 'ற்கா'வும் ஐரோப்பியர் நாக்கில் வரவில்லை. போர்ச்சுகீசியர் பாலியகாத்தே என்றார்கள், ஆங்கிலேயர் புலிகாட் என்றார்கள். அந்தப் போர்ச்சுகீசிய உச்சரிப்புதான் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு மெக்சிகோ விவசாயியின் கழுத்தில் இன்றும் கிடக்கிறது. அங்கே அது ஊர்ப்பெயர் என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. சிலர் அதற்கு மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் வேர் காட்டுவதும் உண்டு. மூக்கு என்று பொருள்படும் 'யாகட்ல்' என்ற சொல் அதில் இருக்கிறது என்பார்கள். ஆனால் ஊர்ப்பெயரும் துணிப்பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும்போது, அந்த ஊர் துணிக்கே பேர்போன ஊராக இருக்கும்போது, எனக்குச் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கு அச்சில் வரும் மாங்காய் பிற்காலத்து வேலை. அன்று பழவேற்காட்டிலிருந்து போனவை பெரும்பாலும் தறியிலேயே கட்டம் போட்டு நெய்தவை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? நம் கடற்கரை மணலில் தரையோடு படர்கிற ஒரு சின்னச் செடி, இம்பூறல். அதன் வேரைத் தோண்டி எடுத்து, காயவைத்து, இடித்து, வேர்ப்பட்டையின் சாயத்தில் படிகாரம் ஏற்றிய துணியைக் காய்ச்சுவார்கள். அதனால்தான் அதற்குச் சாயவேர் என்றே பெயர். துவைக்கத் துவைக்க வெளுக்காது, இன்னும் ஆழமாகச் சிவக்கும் என்று இந்தத் துணிக்கு உலகச் சந்தையில் பெயர். போர்ச்சுகீசியர் பழவேற்காட்டுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். டச்சுக்காரர் 1610இல் வந்தார்கள், 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். வந்தவர் எல்லாரும் கேட்டது துணி. கடற்கரை முதல் காஞ்சிபுரம் வரை ஊருக்கு ஊர் தறி ஓடியது. இன்று நாம் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறோமே, இந்த வழியாகத்தான் துணி மூட்டைகள் கடற்கரைக்குப் போயின.

துணி எப்படி மெக்சிகோ போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நம் பள்ளிப் பாடத்தில் இது இல்லை. வாஸ்கோ ட காமா வந்தார், கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது, அதோடு சரி. ஆனால் 1565 முதல் 1815 வரை, சரியாக 250 ஆண்டுகள், பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அக்காபுல்கோவுக்கும் இடையே பசிபிக் கடலைத் தாண்டி ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. அக்காபுல்கோ போய்ச் சேர நான்கு மாதம், ஆறு மாதம்கூட ஆகும். போகும்போது பட்டு, பீங்கான், பருத்தித் துணி, மிளகு, அடிமைகள். திரும்பும்போது வெள்ளி. மெக்சிகோ அப்போது ஸ்பெயின் ஆண்ட நாடு, பெயர் புதிய ஸ்பெயின்.

அந்த மணிலாவுக்குத் துணி கொண்டுபோய்க் கொடுத்த கரைகளில் நம் சோழமண்டலக் கரை முக்கியமானது. ஸ்பானியர் தங்கள் துறைமுகத்தில் ஆங்கிலேயக் கப்பலை விடவில்லை. சென்னைப்பட்டணத்து ஆங்கிலேய வணிகர்கள் ஆர்மீனியர் பெயரிலும் இந்தியர் பெயரிலும் வேறு கொடி கட்டிக் கப்பல் அனுப்பினார்கள். ஆர்மீனியருக்கு மணிலாவில் தடை இல்லை. அப்படி மணிலா வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்து 1720களில் சென்னையில் குடியேறியவர்தான் கோஜா பெட்ரஸ் உஸ்கான். பெயர் கேள்விப்படாதவர்களும் அவர் போட்ட வழியில் நடந்திருப்பீர்கள். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டு அவர் கட்டியது. 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் மர்மலாங் பாலம் கட்டியவரும் அவரே. மாம்பலம்தான் அவர்கள் வாயில் மர்மலாங். பழைய பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. அவர் வைத்த கல்வெட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மணிலாவில் புழங்கிய பணம் மெக்சிகோ சுரங்கத்து வெள்ளி. நீங்கள் கிண்டியைத் தாண்டிப் பட்டணத்துக்குள் போகும் ஒவ்வொரு முறையும் அந்த வெள்ளி போட்ட வழியில்தான் ஆற்றைக் கடக்கிறீர்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளியைப் பற்றி ஒன்று. மெக்சிகோ நகரத்து நாணயசாலை 1535இல் தொடங்கியது. சகாதேகாஸ், குவானாஹுவாத்தோ சுரங்கங்களின் வெள்ளி அங்கே பெசோ நாணயமாகி உலகெங்கும் போனது. மெக்சிகோ டாலர் என்றும் ஸ்பானிய டாலர் என்றும் இங்கே பெயர் சொல்லி வாங்கினார்கள், உருக்கி ரூபாயாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் சென்னை நாணயசாலை வெள்ளியில் அரை வராகன் அடித்தது. ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள். அவசரத்துக்கு உருக்காமல், ஸ்பானிய நாணயத்தின் மேலேயே அச்சை வைத்து அடித்தார்கள் சில வேளை. அப்படி அடிபட்ட நாணயங்களில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய ராஜாவின் பெயரில் ஓர் எழுத்து, கேடயத்தின் ஒரு மூலை, நசுங்கிப்போய்த் தெரியும். நாணயம் சேர்க்கும் நண்பர்கள் யாரிடமாவது இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். அதே கப்பலில் மனிதர்களும் போனார்கள்.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவின் மேற்குக் கரையில் ஒரு சிறுமியைப் போர்ச்சுகீசியக் கடற்கொள்ளையர் பிடித்தார்கள். மீர்ரா என்று அவள் பெயர். கொச்சியில் ஞானஸ்நானம் கொடுத்து கத்தரீனா தே சான் குவான் ஆக்கினார்கள். மணிலாவில் விற்றார்கள். அங்கிருந்து கப்பலேற்றி 1620 வாக்கில் அக்காபுல்கோவில் இறக்கினார்கள். புவேப்லா நகரத்தில் மிகேல் தே சோசா என்ற கேப்டன் வீட்டுக்கு அடிமையாகப் போய்ச் சேர்ந்தாள். அவர் இறந்தபின் விடுதலை கிடைத்தது. கடைசிவரை ஒரு சின்ன அறையில் ஏழையாக, பக்தியோடு வாழ்ந்தாள். அவளுக்குத் தெய்வக் காட்சிகள் கிடைக்கின்றன என்று ஊரே நம்பியது. 1688 ஜனவரியில் இறந்தபோது நகரத்தின் பெரிய மனிதர்கள் பாடையைச் சுமந்தார்கள். அவளுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவந்த அலோன்சோ ராமோஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் அவள் வரலாற்றை மூன்று பெரிய தொகுதிகளாக எழுதி அச்சிட்டார். சில ஆண்டுகளிலேயே சமய விசாரணை மன்றம் அந்த நூலைத் தடை செய்தது. ஓர் இந்திய அடிமைப் பெண்ணைப் பற்றி இவ்வளவு பெரிய நூல் 17ஆம் நூற்றாண்டில் வேறெங்கும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நாட்டில் ஆசியாவிலிருந்து வந்த எல்லோரும் 'சீனோ', அதாவது சீனர். வங்காளத்தவரும் சீனர், மலையாளியும் சீனர், நம் சோழமண்டலத்து ஆளும் சீனர். கத்தரீனாவும் சீனப் பெண். புவேப்லாவின் சீனப்பெண் என்று பொருள்படும் 'சீனா போப்லானா' என்பது பின்னாளில் மெக்சிகோவின் தேசிய உடையின் பெயராயிற்று. பூவேலை செய்த வெள்ளை ரவிக்கை, ஜிகினா தைத்த சிவப்புப் பாவாடை. அந்த உடைக்கும் அவளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இரண்டையும் சேர்த்துக் கதை கட்டியது 19ஆம் நூற்றாண்டு. அவள் உடுத்தியது சாதாரண முரட்டுத் துணி. ஸ்பானிய அரசு 1672இல் இந்தச் 'சீனோ' அடிமைகளை விடுவித்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மண்ணில் கலந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தாயிடம் தமிழில் பேசிய பிள்ளைகள்? யோசித்தால் தொண்டை அடைக்கிறது.

கைக்குட்டை மூன்றாவது வரிசைக்கு வந்துவிட்டது. அதைத் தலையில் கட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஹோசே மரியா மொரேலோஸ். கிராமத்துப் பாதிரியார். 1810இல் தொடங்கிய மெக்சிகோ விடுதலைப் போரில் படைத்தலைவரானவர். அவருடைய படம் எங்கே இருந்தாலும், பெசோ நோட்டில் இருந்தாலும் பள்ளிச் சுவரில் இருந்தாலும், தலையில் ஒரு கைக்குட்டை இறுக்கிக் கட்டியிருக்கும். ஒற்றைத் தலைவலிக்காகக் கட்டினார் என்பார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் கட்டுவார்களே, அதே மாதிரி. 1813இல் அவர் அக்காபுல்கோவைப் பிடித்தார். இருநூறு ஆண்டுக்கு மேல் எந்தத் துறைமுகத்தில் பழவேற்காட்டுத் துணி இறங்கியதோ, அதே துறைமுகம். 1815 டிசம்பரில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். மணிலாக் கப்பலின் கடைசிப் பயணமும் அதே 1815தான்.

இனி அவர்களிடமிருந்து இங்கே வந்ததைப் பார்ப்போம். மிளகாய், தக்காளி என்று எல்லோரும் சொல்லுவார்கள், அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நாம் அதற்குப் பெயர் வைத்த விதம்தான் எனக்குப் பிடித்தது. மிளகு போல உறைக்கிற காய், ஆகவே மிளகாய். அதன் மெக்சிகோப் பெயர் 'சில்லி' நம் வாயில் ஒட்டவில்லை. சப்போட்டா மட்டும் 'ட்சபோட்ல்' என்ற நாவாட்டில் பெயரைக் கிட்டத்தட்ட அப்படியே சுமந்து வந்தது. சிக்கு என்று சிலர் சொல்வதும் அந்த மரத்துப் பாலின் பெயர்தான். அந்தப் பாலைத்தான் மெக்சிகோக்காரர்கள் மென்றார்கள், சூயிங்கம் அதிலிருந்து பிறந்தது.

வந்த காலத்தை நம் சமையலறையே குறித்து வைத்திருக்கிறது. திவசச் சமையல் செய்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். அன்று மிளகாய் கிடையாது, தக்காளி கிடையாது, உருளைக்கிழங்கு கிடையாது. காரத்துக்கு மிளகு, புளிப்புக்குப் புளி, காய்க்கு வாழைக்காய், பாகற்காய், அவரை, சேப்பங்கிழங்கு. பித்ருக்கள் எதை உண்டு பழகினார்களோ அதைத்தான் படைக்க வேண்டும் என்ற எண்ணம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலும் மிளகு, சீரகம், சுக்குதான். நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் மிளகாயை நாவில் வைத்ததில்லை. அவர் காலத்தில் அது கடலுக்கு அப்பால் மெக்சிகோக் காட்டில் காய்த்துக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் நம் அடுப்பு 500 ஆண்டு பின்னால் போய், மெக்சிகோ வராத தமிழ்நாட்டில் சமைக்கிறது.

நான் அதிகம் பேச நினைத்தது இன்னொரு சிவப்பைப் பற்றி.

சாயவேர் நம் சிவப்பு. மெக்சிகோவுக்கு ஒரு சிவப்பு உண்டு. அது ஒரு பூச்சி. சப்பாத்திக்கள்ளியின் பட்டையான தண்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் இருக்கும். பஞ்சை விலக்கிப் பூச்சியை நகத்தால் நசுக்கினால் விரல் இரத்தச் சிவப்பாகும். நாவாட்டில் மொழியில் அதன் பெயருக்கே 'கள்ளி இரத்தம்' என்று பொருள். மழை விழுந்ததும் நம் வயலில் வெல்வெட்டுப் போல ஊருமே, தம்பலப்பூச்சி, அது வேறு. இது கோச்சினீல். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்துப் பழங்குடி மக்கள் கள்ளித் தோட்டம் போட்டு, ஆட்டுக்குட்டி வளர்ப்பதுபோல இதை வளர்த்தார்கள். துடைப்பத்தால் மெல்லத் தட்டிச் சேர்த்து, காயவைத்தார்கள். ஒரு கிலோவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். புதிய ஸ்பெயினிலிருந்து கப்பலேறிய பொருள்களில் வெள்ளிக்கு அடுத்த விலை இதற்குத்தான். ஐரோப்பாவின் கார்டினல்களின் அங்கி, ஆங்கிலேயப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு, எல்லாம் இந்தப் பூச்சி. இது விதையா, பழமா, உயிரா என்று வெளியே தெரியாமல் ஸ்பெயின் நெடுங்காலம் மூடி வைத்திருந்தது. 1777இல் தியெரி தெ மெனோன்வீல் என்ற பிரெஞ்சுக்காரர் ஓஹாகா வரை போய், பூச்சியோடு கள்ளித் தண்டுகளைப் பெட்டியில் மறைத்துக் கடத்திக்கொண்டு போனார்.

ஆங்கிலேயருக்கும் அந்த ஆசை வந்தது. எங்கே தெரியுமா? சைதாப்பேட்டையில். கம்பெனியின் தலைமை மருத்துவராகச் சென்னையில் இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786இல் இங்குள்ள புல்லில் ஒரு சிவந்த பூச்சியைப் பார்த்தார். கோச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த தாவர அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது அந்தப் பூச்சி அல்ல என்று தெரிந்தது. அவர் விடவில்லை. மர்மலாங்கில், அதாவது உஸ்கான் பாலத்தின் பக்கத்தில், மெக்சிகோக் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள். பல நாட்டிலிருந்தும் கள்ளி வகைகளை வரவழைத்து நட்டார்கள். மருமகன் ஆண்ட்ரூ பெரி அதைப் பார்த்துக்கொண்டார். கள்ளி செழித்தது. பூச்சி வரவில்லை.

1795இல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ நகரத்திலிருந்து பூச்சியோடு சில கள்ளித் தண்டுகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். எல்லாரும் கொண்டாடினார்கள். வந்தது மெக்சிகோவின் வளர்ப்புப் பூச்சி அல்ல, காட்டு வகை. சாயம் மட்டம். ஆனால் அதற்குப் பசி பயங்கரம். வேலியோரம் பரவிக்கிடந்த ஒரு வகைக் கள்ளியை அது ஊர் ஊராகத் தின்று தீர்த்தது. ஒரு பூச்சியை விட்டுக் களையை அழிக்கலாம் என்று உலகம் முதன்முதலில் கண்டுகொண்டது இங்கேதான், தவறிப்போய் வந்த அந்தப் பூச்சியால்தான். 1836 வாக்கில் தென்னிந்தியாவுக்கு அதை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள்.

அது தொடாத இன்னொரு கள்ளி மிஞ்சியது. உங்கள் தாத்தா பாட்டி நாகதாளி என்றும் சப்பாத்திக்கள்ளி என்றும் சொல்வார்களே, மஞ்சள் பூ, ஊதாப் பழம், தின்றால் நாக்கெல்லாம் சிவக்கும், அதுதான். மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, ஊர் எல்லை எங்கும் அடைத்துக்கொண்டது. 1926இல் அதற்கென்று வேறொரு கோச்சினீல் வகையை இலங்கை வழியாகக் கொண்டுவந்தார்கள். ஐந்தாறு ஆண்டில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் கள்ளிக்காடு கருகி விழுந்தது. "ஒரு காலத்துல இங்க எல்லாம் கள்ளி வேலிடா, வெள்ளப்பூச்சி வந்து எல்லாம் போச்சு" என்று எங்கள் பாட்டி சொல்வார். அவர் சொன்ன வெள்ளைப்பூச்சி எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆயிற்று.

நாம் பூச்சி விட்டு அழித்த அந்தக் கள்ளியின் உறவுதான் மெக்சிகோவின் கொடி நடுவில் இருக்கிறது. கள்ளி மேல் ஒரு கழுகு, அலகில் பாம்பு. அப்படி ஒரு காட்சி தெரிகிற இடத்தில் குடியேறு என்று தெய்வம் சொன்னதாகவும், ஓர் ஏரியின் நடுத் திட்டில் அதைக் கண்டதாகவும், 1325இல் அங்கே ஊர் கட்டியதாகவும் அஸ்தெக்குகள் சொல்வார்கள். தெனோச்தித்லான் என்ற அந்த ஊர்ப் பெயரிலேயே கள்ளி இருக்கிறது. அதுவே இன்றைய மெக்சிகோ நகரம். முள் சீவிய கள்ளித் தண்டை அங்கே நறுக்கிப் பொரியல் மாதிரி வதக்கிச் சாப்பிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் சாப்பிட்டிருக்கிறான். வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு என்றான்.

சீமைக்கருவேலத்தையும் சொல்லாமல் போனால் இந்த ஊரில் பேசிய மாதிரி இருக்காது. நம் ஏரி உள்வாய் எல்லாம் அதுதான் நிற்கிறது. 1877இல் சென்னை மாகாண வனத்துறைத் தலைவர் பெட்டோம் முயற்சியால் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. விறகுக்கு ஆகும், வறண்ட நிலத்தில் வளரும் என்று. அந்தக் குடும்பத்து மரத்துக்கு மெக்சிகோவில் மெஸ்கீத்தே என்று பெயர். பாலைவனத்துப் பழங்குடிகள் அதன் காயை இடித்து மாவாக்கி உணவாக வைத்துக்கொள்வார்கள், அதன் நிழலை மதிப்பார்கள். இங்கே உணவு என்ற பாதி வரவில்லை. கரிமூட்டம் மட்டும் வந்தது. அந்த மரத்தைத் திட்டுகிறவர்களோடு நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன். ஒரு செடியை மட்டும் கப்பலேற்றி, அதோடு வாழத் தெரிந்த மக்களின் அறிவை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் இப்படித்தான் ஆகும் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியாக உங்கள் வேலைக்கு வருகிறேன். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரை வெளியே விட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. 2014இல் ஹூண்டாய் மெக்சிகோ சந்தையில் இறங்கியபோது அங்கே விற்ற கிராண்ட் ஐ10 இங்கிருந்து போனது. 2025இல் ஒரகடத்து நிசானின் மேக்னைட் கார், இடப்பக்க ஸ்டியரிங்கோடு, மெக்சிகோவுக்குப் புறப்பட்டது. அது கப்பலேறுகிற துறைமுகம் எண்ணூர் காமராஜர் துறைமுகம். எண்ணூரிலிருந்து அதே கடற்கரையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பழவேற்காடு. நான் வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு ஊரையும் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்குள் இருந்தன.

சண்டையும் அதே சண்டை. ஆசியத் துணி மலிவாக வந்து இறங்குகிறது, எங்கள் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஸ்பெயினின் செவில் நகர வணிகர்கள் ராஜாவிடம் முறையிட்டார்கள். 1593இல் ராஜா, ஆண்டுக்கு 250,000 பெசோவுக்கு மேல் சரக்கு அக்காபுல்கோவில் இறங்கக் கூடாது என்று வரம்பு போட்டார். 2025 டிசம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றம், வர்த்தக ஒப்பந்தம் இல்லாத நாடுகளிலிருந்து வரும் கார்களுக்கு 50 விழுக்காடு வரை வரி போட்டது. அந்த நாடுகளில் நாமும் உண்டு. அவர்கள் தரப்பிலும் தொழிலாளி இருக்கிறார். புவேப்லா நம்மூர் மாதிரியே கார் ஊர்தான். வோக்ஸ்வாகனின் பழைய பீட்டில் கார் உலகத்திலேயே கடைசியாக, 2003 ஜூலையில், அங்கேதான் செய்யப்பட்டது. அங்கே ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கும் இங்கே சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்ணுக்கும் ஒரே கவலை. ஒருவருக்கு ஒருவர் எதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

காரில் முன் கண்ணாடிக்குக் கீழே, வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, ஒரு சின்னத் தகட்டில் சேசிஸ் நம்பர் இருக்கும். 17 எழுத்தும் எண்ணும். இருங்காட்டுக்கோட்டைக் காருக்கு முதல் மூன்று எழுத்து எம், ஏ, எல். ஒரகடத்து நிசானுக்கு எம், டி, எச். மெக்சிகோவில் செய்த காருக்கு முதலில் 3 என்ற எண் வரும். நான்கு நாள் முன்னால் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற ஒரு தங்கையிடம் இதைக் கேட்டேன். ஒரு நாளைக்கு அந்த எண்ணை எத்தனை முறை படிப்பாய் என்று. "எண்ணினதில்ல சார், ஆனா வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பேன், வீட்டுக்குப் போனாலும் வரும்" என்றாள்.

பழவேற்காட்டுத் துணியை நெய்தவர் பெயர் நமக்குத் தெரியாது. வேர் தோண்டியவர் பெயர் தெரியாது. ஓஹாகாவில் பூச்சி தட்டிய பெண் பெயர் தெரியாது. கத்தரீனாவுக்குத் தாய் வைத்த பெயரில் மீர்ரா என்ற மூன்று எழுத்து மட்டும் தப்பியிருக்கிறது. அவள் புதைக்கப்பட்ட இயேசு சபைத் தேவாலயம் புவேப்லா நகரத்தின் நடுவில் இன்றும் இருக்கிறது. அவளுக்கு அங்கே ஒரு நினைவுக்கல்லும் உண்டு. எங்கள் தெருப் பையன் மூன்று மாதமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடித்திருக்கிறான், யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அடுத்த குழு வருகிற மாதம் போகிறதாம். அதில் இரண்டு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள், வழி எழுதித் தருகிறேன்.

கைக்குட்டை பின்வரிசையில் அந்த அம்மா கையில் இருக்கிறது. அவர் அதை மடித்துத் தோளில் போட்டுப் பார்க்கிறார். இருக்கட்டும் அம்மா, மெதுவாகக் கொடுங்கள். இனி நீங்கள் கேளுங்கள்.